பார்த்தெழுதிய கிருமி

என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்த சமயத்தில்தான் அவளுக்குக் காசநோய் என்று தெரிந்தது. வயது மூன்று. மாத்திரை தொடங்கியதும் காய்ச்சல் விட்டது. வீட்டில் பேச்சு விடவில்லை. போன வருஷம் என் தம்பிக்கும் இதே நோய் வந்து, முழு மருந்தும் சாப்பிட்டுக் குணமாகியிருந்தான்.

"மாமன் காக்காக்கடி கடிச்சுக் குடுத்தாம்லா கடலை மிட்டாயை? அதுல ஒட்டிக்கிட்டு" என்றார் என் மாமியார்.

சட்டைத் துணியை மேலே போட்டுக் கடித்தால் எச்சில் இல்லை என்பதுதானே காக்காய்க்கடியின் சட்டமே? தவிர, இது இருமுகிற காற்றில் வரும் நோய், எச்சிலில் வருவதல்ல. சொன்னேன். யார் கேட்டார்கள்?

நாங்குநேரியிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருகிற தம்பி, வருவதை நிறுத்திவிட்டான். எங்களில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது. "வேற யாரு மடியிலயாவது வச்சுக் குத்திக்கோக்கா" என்றான் போனில். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். சின்னக் குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் வெறும் வயிற்றில், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, இரைப்பையிலிருந்து அதை எடுத்திருந்தார்கள். அதில் கிருமியை வளர்த்து, அதன் மரபணு எழுத்துகளை முழுக்க வாசித்தால், யாரிடமிருந்து வந்தது என்று தெரியலாமாம். போன வருஷம் சோதித்த தம்பியின் கிருமியும் ஆய்வகத்தில் பத்திரமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதும் சம்மதித்தான்.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றேன்.

"நீங்க டீச்சர்தான? காப்பி அடிச்சத எப்படிப் பிடிப்பீங்க?"

சிரித்துவிட்டேன். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தப்பும் ஒன்றுபோல இருந்தால்தான் ஆள் அகப்படுவான். இரண்டு பேர் கொற்கையைக் 'கொக்கை' என்று எழுதியிருந்தால், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் போதும். கிருமியும் பெருகும்போது எழுத்துப் பிழை விடுமாம். அடுத்தவரிடம் போகையில் அந்தப் பிழைகளும் கூடவே போகுமாம்.

அதன் பிறகு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாலே அந்த நினைப்புதான். என் மகளிடம் இருப்பது யாருடைய பிழை?

முடிவு வர மாதங்கள் ஆயின. தம்பியின் பிழைகள் வேறு, மகளின் பிழைகள் வேறு. "ரெண்டுக்கும் கிட்டத்துச் சொந்தம் கிடையாது" என்றார் டாக்டரம்மா. எங்கள் வட்டாரத்திலேயே வேறொருவர் கிருமியோடு பொருந்துகிறதாம்.

"யாரும்மா அது?"

"அதச் சொல்லக் கூடாது. அவங்களும் மருந்து சாப்பிடுதாங்க."

இன்றும் டவுன் பஸ்ஸில் யாராவது இருமினால் திரும்பிப் பார்க்கிறேன். சண்டை போட அல்ல. தெரிந்துகொள்ளும் ஆசை, சனியன், விடமாட்டேன் என்கிறது.

முடிவு தெரிந்த அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே தம்பிக்குப் போன் போட்டேன். "ஏலே, ஒன் கிருமிக்கும் பிள்ள கிருமிக்கும் சொந்தமே இல்லையாம்லே!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப நான் சொந்தந்தானக்கா?"

"கூறுகெட்டவனே, பொருந்தியிருந்தாலும் நீதாம்லே மாமன்" என்றேன்.