ஆட்டில் தூவிய மருந்து

குறை கண்டுபிடிப்பதுதான் அமிர்தவள்ளிக்கு வேலை. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். பளபளவென்று மேசைக்கு வரும் ஷூவைத் திருப்பிப் பார்த்து, விட்டுப்போன தையலையோ தோலில் பழைய உண்ணிக்கடித் தழும்பையோ பிடித்துவிடுவாள். வீட்டுக்கு வந்தாலும் அதே கண்தான். பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார், பக்கத்து வீட்டு டீச்சர் சிரிப்பதில்கூட ஏதோ இருக்கிறது. இப்படியே ஐம்பது வயதாகிவிட்டது. பாதி நேரம் அவள் சந்தேகம் சரியாகவும் போனதுதான் தொல்லை.

ஆடி அமாவாசையன்று மத்தியானம் காக்கைக்குப் படையல் சோறு வைக்க மாடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவரோரம் இரண்டு அண்டங்காக்கைகள் விறைத்துக் கிடந்தன. பக்கத்து மாடியில் தேவகிருபை டீச்சர் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். காக்கைத் தொல்லை தாங்கவில்லை என்று போன வாரம் புலம்பியவள்.

"டீச்சர், கருவாட்டுல இன்னா வச்சீங்க?"

"உப்புதான். ஏன்க்கா?"

"உப்பு தின்னா காக்கா சாவுமா? எங்க மாமனார் மாமியாரையே சாவடிச்சிட்டீங்களே!"

"அவங்க போயி எட்டு வருசமாச்சேக்கா" என்றபடி டீச்சர் சுவரைத் தாண்டி வந்தாள். பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். குச்சியால் ஒரு காக்கையின் அலகைத் திறந்து பார்த்தாள்.

"இது கருவாடு இல்ல. பாருங்க, ஆட்டு மயிரு. புலி அடிச்சாலும் சரி, சிறுத்தை அடிச்சாலும் சரி, முதல் பந்திக்கு அண்டங்காக்கா போய்டும். யாரோ அடிபட்ட ஆட்டுல மருந்து தூவியிருக்காங்க. ஆனா இதுக்கு வச்சதில்ல. மிச்சத்தைத் தின்னத் திரும்பி வர்ற சிறுத்தைக்கு வச்சது."

"போனா போவுது. ஆடு திருடற மிருகந்தானே?"

"காக்கா செத்தா வேற காக்கா வரும்க்கா. நம்ம எச்சில தின்னே பொழைக்கும், எந்த மரத்துலயும் கூடு கட்டும், வருசா வருசம் நாலஞ்சு முட்டை வைக்கும். புலி, சிறுத்தை அப்பிடியா? காடு வேணும், மானு பன்னி வேணும். ரெண்டு மூணு குட்டி போட்டு, வருசக்கணக்கா கூடவே வச்சுப் பழக்கணும். ஒண்ணு போனா ஈடு கட்ட முடியாது. அதான் கொன்னா ஜெயிலு."

ஜெயில் என்றதும் அமிர்தவள்ளி குனிந்து காக்கைகளை மறுபடி பார்த்தாள். மலையடி நிலத்தில் ஆடு வளர்ப்பவர் அவள் புருஷன் ரத்தினசாமி. ஒரு ஆட்டை நரி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று காலையில் சொன்னார். அவ்வளவுதான். ஒரு தட்டு உடைந்தாலே தெருவைக் கூட்டும் மனுஷன், நரியை ஒரு வசைகூடத் திட்டவில்லை.

காக்கைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் புருஷன் முன்னால் நின்றாள்.

"ஆட்ட அடிச்சது நரியா, சிறுத்தையா?"

"நரின்னு சொன்னேன்ல."

"என்னைப் பாத்து சொல்லு. நெல்லுக்குப் போட்டு மீந்த குருணைப் பூச்சிமருந்து எங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "சினை ஆடு அமிர்தம். வவுத்தக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு."

"பாரஸ்டுக்குச் சொல்றதுக்கு இன்னா?"

"அவங்க வர்றதுக்குள்ள மீதி ஆடும் காலி."

"நீ ஜெயிலுக்குப் போனா ஆட்ட யாரு மேய்க்கிறது, நானா? பொழுது சாயறதுக்குள்ள பொதைக்கணும். எழுந்திரு."

மண்வெட்டியோடு வண்டியில் ஏறும்போது மாடியிலிருந்து டீச்சர் கேட்டாள்: "எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"தழை வெட்ட."

டீச்சர் மண்வெட்டியைப் பார்த்தாள். பிறகு ரத்தினசாமியைப் பார்த்தாள். பிறகு கருவாட்டைத் திருப்பப் போய்விட்டாள். அந்தப் பார்வைதான் அமிர்தவள்ளிக்கு வழியெல்லாம் உறுத்தியது.

வேலிக்காத்தான் புதரடியில் ஆடு கிடந்தபடியே கிடந்தது. இடுப்பளவு குழி வெட்டி, காக்கைகளையும் சேர்த்துப் புதைத்துக் கல் அடுக்கினார்கள்.

"மருந்து அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் நேராக ஆட்டுக் கொட்டகைக்குப் போய்க் கூரை ஓலைச் செருகலில் கைவிட்டாள். பாதிப் பொட்டலம் கையில் வந்தது. அவர் தலையைச் சொறிந்தார். இரண்டு கல்லைப் புரட்டி அதையும் குழியில் போட்டு மூடினாள். பிறகு ஆடுகளை அவிழ்த்தாள்.

"எங்க ஓட்டற?"

"வூட்டுக்கு. இனி ராத்திரிக்கு அங்கதான். சிறுத்தைய நம்பி இங்க வுட முடியாது. உன்ன நம்பியும் வுட முடியாது."

ரத்தினசாமி வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் மடியில் வேறு ஏதாவது புடைத்துத் தெரிகிறதா என்று பார்த்தபடியே அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பின்னால் போனாள்.