அண்டார்டிகா என்றால் எதிர்ப்பக்கம்

மகள் புவியியல் பாடத்தைச் சத்தமாக உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "வடக்கே ஆர்க்டிக். அதுக்கு எதிர்ப்பக்கம்கிறதுதான் அண்டார்டிகா." கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஏழாம் வகுப்பில் என்னைக் கேட்டதும் இதைத்தான். தக்காளி பறிக்க ஆள் கிடைக்காததால், என்னைப் படிப்பிலிருந்து நிறுத்த அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். டீச்சர் விடவில்லை. "நல்லா படிக்கிற புள்ளைங்க. நீங்களே கேட்டுப் பாருங்க" என்று உலக உருண்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில், திருகாணியை ஒட்டி ஆங்கிலத்தில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினார். "அண்டார்டிகா. இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்? அப்பாவுக்குச் சொல்லு."

பதில் தெரியும். தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"சொல்லும்மா, எனக்கென்ன தெரியவா போவுது? நீ எதைச் சொன்னாலும் சரின்னுதான் நெனைப்பேன்" என்று அப்பா சிரித்தார். அப்போதும் பதில் வாயில் வரவில்லை.

"வுடுங்க டீச்சர், புள்ள பயப்படுது" என்று என் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு நான் போனது அதுதான் கடைசி.

சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான் வாய் திறந்தது. "ஆர்க்டிக்குக்கு எதிர்ப்பக்கமுங்கப்பா."

"எதும்மா?" என்றார், மிதிப்பதை நிறுத்தாமல்.

"அம்மா, நாளைக்கு கிளாஸ்ல எழுப்பிக் கேட்டா எனக்கு வாய்ல வருமா?" என்கிறாள் மகள்.

வரும் கண்ணு என்று சொன்னால் போதும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.