சகாயம் மறைத்த நான்கு ஆணிகள்

திருவான்மியூரில் ஒரு வீட்டு வாசற்கதவுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தபோது பெயிண்ட் கடையிலிருந்து போன் வந்தது. “சகாயம் அண்ணன் பூட்டாருண்ணா. மார்வலி. ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறதுக்குள்ள...” என்றார் கடைக்காரர். வேலையை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. ‘இனிமேல் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்’ என்ற நினைப்பே முதலில் வந்தது. சகாயத்தை அறிந்த உங்கள் முன்னால் இதை மறைத்துவிட்டு அவருக்கு இந்த அஞ்சலியை எழுத எனக்குத் தகுதியில்லை.

நாங்கள் இருவரும் ஒரே வயது. மயிலாப்பூரிலிருந்து பாலவாக்கம் வரை, மரச்சாமானுக்கு பாலிஷ் போடும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் எதிரெதிரே நின்றோம். “சகாயம் வரலைன்னா தனபாலைக் கூப்பிடு” என்று ஒரு வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கைவேலையில் குறை கண்டுபிடிக்கவே சில வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பலகையை விரலால் தடவிப் பார்ப்பேன். குறை இருக்காது. அது இன்னும் எரியும்.

அபிராமபுரத்தில் பாட்டு சொல்லித்தரும் அம்மா ஒருவரின் தோட்டத்தில், வேப்பமரத்தைச் சுற்றிப் பலகைத் தளம் போட்டிருந்தார்கள். ‘டெக்’ என்பார்கள். அதற்கு வார்னிஷ் அடித்தது நான். சில மாதங்களில் மரத்திலிருந்து பிசின் வடிந்து, பலகையெல்லாம் தேன்கட்டி போல ஒட்டிக்கொண்டது. நான் தின்னரை ஊற்றித் தேய்த்தேன். பிசின் அசையவில்லை, என் வார்னிஷ்தான் வெள்ளையாக உரிந்து வந்தது. அந்த வாரம் அந்தத் தளத்தில்தான் அவர் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். “மரத்தையே வெட்டிடலாம்னு ஆளை வரச்சொல்லிட்டேன். அதுக்கு முன்னால சகாயம் ஒருதரம் பாக்கட்டும். நீயும் கூட இருந்து பாரு” என்றார் அம்மா.

பார்க்க வேண்டியதாயிற்று. சகாயம் குந்தி உட்கார்ந்து ஒரு துணுக்குப் பிசினை எச்சில் தொட்டுத் தேய்த்தார். “இன்னா நைனா, தின்னரா போட்ட? வேப்பம்பிசின் தண்ணிக்கே கரையுமே” என்றார். வெந்நீர் கேட்டு வாங்கி, பழந்துணிகளை நனைத்துப் பிழிந்து பிசின்மேல் போர்த்தினார். முதலில் தளத்தில் கிடந்த நாற்காலிக்கு அடியில், யார் கண்ணும் படாத மூலையில்தான் செய்து பார்த்தார். “பொருள் நம்மளுது இல்ல. மூலைல கேட்டுகினு அப்பால நடுவுல கை வை” என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அரைமணி கழித்துத் துணியை எடுத்தால் பிசின் களி போல இளகியிருந்தது. பிளாஸ்டிக் தகடால் மரத்தின் ரேகைப் போக்கிலேயே வழித்தெடுத்து, உடனே உலரத் துடைத்தார். ஒரு கீறல் இல்லை. நான் உரித்த இடத்துக்கும் அவரே வார்னிஷ் தொட்டுவைத்தார்.

பிறகு அடிமரத்தைச் சுற்றி வந்தவர், ஓரிடத்தில் நின்றார். வெயில் படாமல் வார்னிஷ் அடிக்கத் தார்ப்பாய் கட்டுவதற்காக, நான் அடித்த நான்கு ஆணிகள் அங்கே இருந்தன. பிடுங்க மறந்துவிட்டேன். பிசின் அந்த ஓட்டைகளிலிருந்துதான் வடிந்துகொண்டிருந்தது. சகாயம் என்னைப் பார்த்தார். குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் போனார். “காயம் பட்டுகீது, அதான் வடியுது. போகப்போக ஆறிடும். மரத்த வெட்டாதீங்கம்மா” என்றார். யார் செய்த காயம் என்று சொல்லவில்லை.

தெருமுனை டீக்கடையில், “ஏன் சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா உன் பொழப்பு பூடும். மரம் பொழச்சிச்சில்ல, வுடு” என்றார். வேலையில் ஜெயித்தவர் குணத்திலும் ஜெயித்துவிட்டாரே என்று பாதி டீயிலேயே எழுந்து வந்துவிட்டேன். ஒரு வருடம் அவரோடு பேசவில்லை.

அடக்கத்தன்று அந்த அம்மாவும் வந்திருந்தார். மனம் தாங்காமல், “அம்மா, அன்னிக்கு மரத்துல இருந்த ஆணி நான் அடிச்சது” என்றேன்.

“தெரியும்ப்பா. தார்ப்பாய் கட்டிண்டு நின்னது நீதானே? அவர் பையில போட்டுண்டதையும் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். அவ்வளவு பெரிய மனுஷர் மூடி வைக்கறதை நான் எதுக்குத் திறக்கணும்னு விட்டுட்டேன்.”

அதற்குப் பிறகும் அந்த அம்மா எனக்கு வேலை கொடுத்துவந்தாரே, அது சகாயத்தின் முகத்துக்காகக் கொடுத்தது. பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்து அப்போதும் பொறாமைப்பட்டேன். அழுததும் அப்போதுதான்.

இப்போது இந்தப் பக்கத்தில் என்னை முந்த ஆளில்லை. நான் ஆசைப்பட்டது அதைத்தான். ஆனால் வேலை முடிந்ததும், இதைச் சகாயம் பார்த்தால் என்ன சொல்வார் என்று பயந்து ஒருமுறை குனிந்து பலகையைத் தடவுகிறேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த வயிற்றெரிச்சல்தான். அதை ஆற விடமாட்டேன்.