இரவல் ரசனை

பதுளையில் கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் புது வேலை ஒன்று கிளம்பியிருக்கிறது. தொண்ணூறுகளில் வந்த ஆங்கிலப் பாட்டு ஆல்பங்களில் கட்டாயம் கேட்க வேண்டிய பத்தை வாரத்துக்கு ஒருவர் எழுத வேண்டும். கிளப்பியவன் கனடாவில் இருக்கிறான், அவனுக்குப் பொழுது போகவில்லை. எனக்கோ வேலை முடிந்து வந்தால் உட்காரக்கூடத் தெம்பில்லை. ஆனாலும் என் முறை வந்தபோது எழுதிப் போட்டேன். பெயர்கள் அங்கே இருக்கின்றன, இங்கே திரும்ப எழுத அலுப்பாக இருக்கிறது. ஆளைப் பிடித்து உலுக்குகிற கிடார் ஒன்று, மழை நாளில் தனியாகக் கேட்க வேண்டிய பெண் குரல் ஒன்று, முதல் இரண்டு பாட்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கையோடு ஒன்று, இப்படிப் பத்து.

“உன் ரசனையே தனிடா, அப்பவே அப்படித்தான்” என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். ஆனால் அது என் ரசனை இல்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருந்த கூட்டாளியுடையது.

அவனுடைய அக்கா எல்ல என்ற ஊரில் ஒரு சுற்றுலா விடுதியில் வேலை பார்த்தார். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கேசட்டுகள் அவர் பையில் வந்து சேரும். பேட்டரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்து, ஒரே கேசட்டை ஒரு வாரம் கேட்பான். பாட்டில் ஒரு வார்த்தைகூட எங்களுக்கு விளங்காது. “இது நல்லா இருக்கு, அது வேணாம், மூணாவது பாட்டு வரைக்கும் பொறுத்துக்க” என்பான். நான் அதை அப்படியே மனப்பாடம் செய்து, பதுளைப் பள்ளியில் டவுன் பையன்களிடம் என் கண்டுபிடிப்பாக அவிழ்த்துவிடுவேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு அவன் ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போனான். நான் மேலே படித்துப் பதுளையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். முப்பது வருடம் அவன் புகழைச் சும்மா தின்றிருக்கிறேன். இந்த முறையாவது எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதற்கு முன்னால் அவனிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று போன் செய்தேன். அவன் மனைவி எடுத்தார்.

“அவருக்குப் போன்ல விளங்காதுங்கண்ணே. ரோலர் மெஷினுகிட்டயே நின்னு நின்னு காது போச்சு. நேரா வாங்க.”

அவனுக்குக் காது போனதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அந்த ரோட்டில் போய் இறங்குவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

வாசலில் உட்கார்ந்திருந்தான். கத்திப் பார்த்தேன், சிரித்துத் தலையாட்டினான். ஒன்றும் விழவில்லை என்று தெரிந்தது. பட்டியலை எழுதியிருந்த தாளை நீட்டினேன். அடியில், ‘இது உன் ரசனை. முப்பது வருடமாக என்னுடையது என்று சொல்லி வருகிறேன். மன்னித்துக்கொள்’ என்று எழுதியிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தான். ஒவ்வொரு பெயரிலும் விரல் கொஞ்ச நேரம் நின்றது. சில இடங்களில் மற்றக் கை முழங்காலில் தாளம் போட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அதுக்கென்னடா,” காது கேளாதவர்களின் உரத்த குரலில் சொன்னான். “நீ சொல்லாட்டி யாரு கேட்டிருப்பா?”

பிறகு பேனா வாங்கி ஏழாவதை அடித்தான்.

“இத மட்டும் எடுத்துரு. குப்ப.”

மற்ற ஒன்பதும் அவன் எனக்குக் கொடுத்தவை. ஏழாவது ஒன்றைத்தான் நானாகத் தேடிப் பிடித்து, ஒரு தீபாவளிக்கு அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன்.