இராட்டினத்தடியில் ஒரு பயந்தாங்கொள்ளி

பத்துப் பேர் மேலே சிரிக்க வேண்டுமென்றால் ஒருத்தன் கீழே நின்று பயந்துகொண்டிருக்க வேண்டும். அதுதான் இராட்டினத் தொழில். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் எங்கள் இராட்டினம் நிற்கும். பிரேக் கட்டை என் கையில். நான் மட்டும் அதில் ஏறியதே கிடையாது. ஏணியில் இரண்டு படி ஏறினாலே கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிடுவேன். பஸ் ஓட்டுகிறவர்கள், ஊசி போடுகிறவர்கள் என்று அடுத்தவர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு பிழைக்கிற எல்லாருக்கும் என் பாடு புரியும்.

இதோடு இன்னொரு பயமும் இருந்தது. எங்கள் சபையில் சலோமி என்று ஒரு பிள்ளை, தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவள். நானும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினோம். ஆனால் அவளுடைய அப்பா ஐசக் ஐயா சபை மூப்பர். அவருக்குக் கார்னிவல் என்றால் பிசாசு போட்ட கூடாரம். அப்பா தலையாட்டாமல் கலியாணம் இல்லை என்று சலோமி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

பேரைச் சொன்னால் பிரேக்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலேயிருந்து யாராவது "இயேசுவே!" என்று கத்தினால் நான் உடனே பிரேக்கைப் பிடித்துவிடுவேன். விசுவாசியாயிற்றே, அந்தப் பேரைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்க முடியுமா? எங்கள் முதலாளி சுனில், கினிகத்தேனைக்காரர், தலையில் அடித்துக்கொள்வார். என்னைச் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். "மல்லி, ஜேசுவைக் கூப்பிட்டா நீ ஏன் ஓடுற? உன்னையக் கூப்பிட்டா மட்டும் ஓடு" என்பார்.

ஒருநாள் அட்டனிலிருந்து சேர்ச் வாலிபப் பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி விடாமல் கத்தினாள், நானும் விடாமல் நிறுத்தினேன். கடைசியில் இறங்கி நேரே என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"ஏண்ணே, அழுவுறப்ப மட்டுந்தான் அவரைக் கூப்பிடணுமா? சந்தோசத்துல கூப்பிட்டா வரமாட்டாரா?"

ஜெபமும் ஜனமும்

காலையில் ஒவ்வொரு கொக்கியையும் ஆட்டிப் பார்ப்பேன். நட்டுகளை முறுக்குவேன். முறுக்கியதை மறுபடி முறுக்குவேன். அப்படியும் மனசு ஆறாது. இஞ்சினைப் போடுவதற்கு முன்னால் இரண்டு கையையும் கோத்து, கண்ணை இறுக்க மூடி, "ஆண்டவரே, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது" என்று வாய்விட்டு ஜெபிப்பேன்.

ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தால், பெட்டியில் ஏறி உட்கார்ந்த குடும்பம் மொத்தமும் இறங்கி நிற்கிறது. என்னவென்று கேட்டேன். அந்த வீட்டுக்காரர் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்:

"நாங்க பயமில்லாமத்தான் ஏறுனோம் தம்பி. நீங்க ஜெபம் பண்ணுனதப் பாத்தப்புறந்தான் வயித்தக் கலக்குது."

எதிர்ப் பெட்டி

கூட்டம் குறைந்த நேரத்தில்தான் இராட்டினம் அதிகம் பயமுறுத்தும். ஒரு பெட்டியில் நாலு பேர் இருந்தால், அதற்கு நேர் எதிர்ப் பெட்டியிலும் கிட்டத்தட்ட அதே பாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் பாரம் இருக்கிற பக்கமே ஓடும், பிரேக்குக்கு அடங்காது. ஆள் போதாத நேரத்தில், நல்ல கனமான ஆளாகப் பார்த்துக் காசு வாங்காமலே ஏற்றுவோம்.

அப்படித்தான் மரக்கறிச் சந்தைக்கு வந்த ஒரு அக்காவைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். எதற்கென்று கேட்டார். உடம்பைச் சொல்லிக் காட்டினால் அடி விழுமோ என்று பயந்து பயந்து விளக்கினேன். அக்கா முகம் மலர்ந்துவிட்டது.

"நான் ஒருத்தி இல்லாட்டி அங்கிட்டு நாலு பேரு பொழைக்க மாட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி, போன் போட்டுத் தாரேன்."

நானுஓயா ஸ்டேஷனில்

றொசல்லப் பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்ப ஐசக் ஐயா ரயிலுக்குக் காத்திருந்தார். பெண் கேட்டுவிடுவது என்று போனேன். வேதாகமம் மடியில், குடை பக்கத்தில். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தால் பின்னாலேயே அழுகை வரும் என்பது அவர் கட்சி. வீட்டிலும் பாட்டுச் சத்தம் கிடையாது, பயணம் கிடையாது. அவர் மனைவி றெபேக்கா அம்மா கோயிலுக்கும் கொழுந்து பறிக்கிற மலைக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை என்று சலோமி சொல்லியிருக்கிறாள்.

ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ரயில் வந்தது. எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"மனுசரைக் கத்த வச்சுக் காசு வாங்குற கையில எப்படித் தம்பி ஒரு பொண்ணப் புடிச்சுக் குடுக்கிறது?"

பெல்ட் அறுந்த அன்று

அடுத்த சீசனில் ஒரு மத்தியானம். தூறல், ஆளே இல்லை. சலோமி தன் சித்தி பிள்ளைகளோடு வந்து நிற்கிறாள், பக்கத்தில் றெபேக்கா அம்மா. "அம்மாவுக்கு ரொம்ப நாளா ஆச" என்றாள். பின்னால் காவலுக்கு ஐசக் ஐயா.

சலோமியும் பிள்ளைகளும் ஒரு பெட்டி. அம்மா எதிர்ப் பெட்டி. பாரம் போதவில்லை. ஆள் யாரென்று தெரியாத முதலாளி, ஐயாவின் முழங்கையைப் பிடித்து, "மாத்தயா, உங்க நோனாவோட ஏறுங்க, பய வென்ன எபா, பயப்படாதீங்க" என்று உட்கார வைத்தே விட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கொக்கியைப் போட்டேன்.

கொஞ்ச நேரம்தான் சுற்றியிருக்கும். டப்பென்று இஞ்சின் பெல்ட் அறுந்தது. சக்கரம் பின்னால் ஓடத் தொடங்கியது. பிரேக் கட்டை மேல் அப்படியே விழுந்தேன். நின்றது. நின்ற இடம்தான் மோசம். ஐயாவின் பெட்டி உச்சியில். சலோமியின் பெட்டி அடியில், என் இடுப்பு உயரத்தில். ஒரு கால் எடுத்து வைத்தால் அவள் தரைக்கு வந்துவிடலாம். ஆனால் அவர்கள் இறங்கினால் மேலே இருக்கிற பாரம் சக்கரத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடும். அவளே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பிள்ளைகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, "யாரும் அசையாதீங்க" என்றாள்.

அதற்குள் மூடுபனி இறங்கி உச்சிப் பெட்டியை மறைத்துவிட்டது. முதலாளியும் பக்கத்துக் கடைக்காரர்களும் கயிற்றைக் கட்டிச் சக்கரத்தைக் கையால் இழுத்தார்கள். நான் பிரேக்கை மயிரிழை மயிரிழையாக விட்டேன். கை வழுக்கினால் அவ்வளவுதான். நான் விரும்பியவள் ஒரு பக்கம், அவளைப் பெற்றவர்கள் மறுபக்கம். அந்த மாதிரிப் பயம் என் சத்துருவுக்கும் வர வேண்டாம்.

பனிக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. சிரிப்பு. றெபேக்கா அம்மாவின் சிரிப்பு. பயத்தில் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று எனக்குப் பயம் இன்னும் கூடியது.

பெட்டி ஒருவழியாகத் தரைக்கு வந்தது. உச்சிக்குப் போன எதிர்ப் பெட்டி கீழே இழுத்துக்கொண்டு வந்துவிடாமல் நான் பிரேக்கை அழுத்தியிருக்க, முதலாளி கொக்கியைக் கழற்றினார். ஐயாவின் முகத்தில் இரத்தமே இல்லை. இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். "ஐயா, தரை வந்திருச்சுங்க" என்றேன். விடவில்லை. அம்மா அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கலியாணத்தன்னைக்குக் கோயில்ல புடிச்சது தம்பி. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான். கொஞ்ச நேரம் இருக்கட்டும், அப்புறமா எறங்குறோம்."

அவர்கள் இறங்கிய பெட்டியில் இரண்டு கடைக்காரர்களை ஏற்றிப் பாரம் பார்த்து, சலோமியையும் பிள்ளைகளையும் இறக்கி முடித்தபின், ஐயா பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். தீர்ப்புக்கு நிற்கிறவன் மாதிரி நான் முன்னால் நின்றேன். பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருந்த மனைவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே அவர் பேசினார்.

"அவ இப்படிச் சிரிப்பான்னு இத்தன வருசமா எனக்குத் தெரியாது தம்பி. ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு வீட்டுக்கு வாங்க, பேசுவோம்."

கலியாணத்துக்குப் பிறகாவது பயத்தைப் பங்குபோட ஓர் ஆள் கிடைக்கும் என்று நினைத்தேன், ஆனால் சலோமிக்குப் பயமென்றால் இன்றுவரை என்னவென்றே தெரியாததால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பயந்துகொண்டிருக்கிறேன்.