இடியரசனுக்கு முகம் கொடுத்தவர்

"புக்கு போடறவன் வூட்டுக்கு ரெண்டு வாசல் வேணும்டா" என்று என் பெரிய மாமா ஒருமுறை சொன்னார். முன்வாசல் எதற்கு, பின்வாசல் எதற்கு என்றும் விளக்கினார். அந்தப் பகுதிதான் மறந்துபோய்விட்டது. சொந்தமாகப் புத்தகம் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கே தெரிந்திருக்கும். அதிலும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் போடுகிறவன் பாடு தனி. கதாநாயகன் எந்தச் சிக்கலிலிருந்தும் பறந்து போய்விடுவான்; எழுதியவன் ஊரிலேயேதான் இருக்க வேண்டும்.

எட்டாவது வரை சந்தவாசலில் தமிழில் படித்தேன். பிறகு வேலூர் விடுதியில் இங்கிலீஷ். அதற்குப் பிறகு பெங்களூரில் விளம்பர வேலை, இருபது வருஷத்துக்கு மேல். நாற்பத்தேழு வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். நிம்மதிக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டேன், ஆனால் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தில் பிறந்தவன் இடியரசன். ஜவ்வாது மலையில் குடியிருப்பான். பறப்பான். கொண்டை ஊசி வளைவில் சிக்கிய பஸ்ஸை ஒற்றைக் கையால் தூக்கி வைப்பான்.

அளவு இல்லாமல் ஆகாது

படம் வரைய ஒத்துக்கொண்டவர் வாணியம்பாடி யூசுப் பாய். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுவதற்கான அளவு அட்டை தயாரிக்கிறவர்; ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியர். பாறை, பலாமரம், பள்ளத்தாக்கு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். மனித முகம் மட்டும் மனசிலிருந்து வராது. 'கோபமும் கருணையும் கலந்த கண்கள்' என்றெல்லாம் நான் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். அவர் அனுப்பியதெல்லாம் காலண்டர் சாமியாகவே இருந்தது.

ஒரு ஞாயிறு பலாப்பழம் வாங்க ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போய் வந்தார். மூன்றே நாளில் முகம் வந்துவிட்டது. துருத்திய கன்னம், ஏறிய ஒற்றைப் புருவம். சிரிக்கப் போகிறதா, திட்டப் போகிறதா என்று தெரியாத முகம். இது யார் என்று கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில், திடீரென்று எப்படி வந்தது என்று மட்டும் கேட்டேன். "அளவு கால் இல்லாம நான் ஷூவே வெட்டினதில்ல சார். மேல சந்தையில ஒரு மூஞ்சி கெடச்சுது, போன்ல புடிச்சுகினு வந்துட்டேன்."

பாறை என்ன சத்தத்தில் உடையும்

ஐந்தாம் பக்கத்தில் இடியரசன் ஒரு பாறையைக் குத்தி உடைக்கிறான். அந்தக் கட்டத்தில் என்ன சத்தம் எழுதுவது என்று பத்து நாள் தவித்தேன். விடுதியில் படித்த இங்கிலீஷ் காமிக்ஸில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் தயாராக இருக்கும். தமிழில் 'டமால்' என்று போட்டால் தீபாவளி மாதிரி இருந்தது. 'படார்' என்றால் கதவு சாத்தியது மாதிரி இருந்தது. வீட்டுக்குள் நடந்தபடி நான் போட்டுப் பார்த்த சத்தங்களைக் கேட்டு, எதிர்வீட்டுக்காரர் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

கடைசியில் டீக்கடையில் கல்குவாரி ஆள் ஒருவரைப் பிடித்தேன். முப்பது வருஷமாகப் பாறைக்கு வெடி வைக்கிறவர். இவரை விட்டால் யாருக்குத் தெரியும்? டீயைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "வெடிக்கறப்போ எல்லாரும் காதப் பொத்திக்குவோம் சார். சத்தம் இன்னா மாதிரின்னு நான் கேட்டதேயில்ல."

வெளியீட்டு விழா

விழா என்றால் ஒரு மடக்கு மேஜை, நான், யூசுப் பாய். இடம், ஜமுனாமரத்தூர் வாரச்சந்தையில் சாமை மூட்டைகளுக்கும் பிளாஸ்டிக் பக்கெட்டுகளுக்கும் நடுவே. மலையில் நடக்கிற கதையை மலையில்தான் வெளியிட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. பக்கெட் விலை கேட்டவர்களுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கடுக்காய் எடை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வந்து அட்டையைக் கையில் எடுத்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். உடனே நாலு பேரைக் கூப்பிட்டார். பத்தாவது நிமிஷம் மேஜையைச் சுற்றிக் கூட்டம். மதியத்துக்குள் மேஜை காலி. என் கதை ஜெயித்துவிட்டது என்று யூசுப் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அட்டையை முதலில் எடுத்தவர் சொன்னதை அப்போது நான் சரியாக மனசில் வாங்கவில்லை. "யோவ், இது நம்ம வெள்ளையன்யா. பேண்ட்டு போட்டுகினு மேகத்து மேல இன்னா பண்றான்?"

வளைவில் சிக்கிய பஸ்

அந்த வெள்ளையனை ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன். இன்னொரு கட்டுப் புத்தகத்தோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில், பின் சீட்டில் இரண்டு பலாப்பழங்களோடு உட்கார்ந்திருந்தார். என் அட்டையில் இருக்கிற அதே முகம், அதே ஏறிய புருவம். ஐம்பது வயதிருக்கும், சாமை பயிரிடுகிற ஒல்லியான மனிதர். எழுந்து போய்ப் பேச வேண்டும் என்று நாலு தடவை எழுந்தேன். நாலு தடவையும் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழாவது வளைவில் பின்சக்கரம் சேற்றில் இறங்கியது. இறங்கித் தள்ளலாம் என்று எல்லோரும் எழுந்தபோது கண்டக்டர் கையைக் காட்டினார். "இடியரசன் இருக்கறப்போ நாம இன்னாத்துக்கு எறங்கணும்? குந்துங்க." பஸ்ஸே சிரித்தது. வெள்ளையனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தனியாக இறங்கி, தோளைக் கொடுத்து, கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளினார். அப்புறம் ஐந்தாறு பேர் இறங்கிக் கை கொடுத்தபோதுதான் பஸ் நகர்ந்தது. பெயர் மட்டும் அவருக்கு. தோளைத் தடவிக்கொண்டே ஏறியவரிடம் கண்டக்டர் சொன்னார்: "அடுத்த தபா அப்டியே மேல தூக்கினு போய் வுட்ரு வெள்ளையா, டீசலாவது மிச்சமாவும்."

பலாப்பழத்தோடு வந்தவர்

அதற்கடுத்த வாரம் அவரே விசாரித்துக்கொண்டு சந்தவாசலில் என் வீட்டுக்கு வந்தார், ஒரு பலாப்பழத்தோடு. கேட்காமல் முகத்தை எடுத்துக்கொண்டது தப்பு என்று நான் தட்டுத்தடுமாறி ஆரம்பித்தேன். "அத்த வுடுங்க சார்" என்றார். அவருக்குச் சில சந்தேகங்கள் இருந்தன. எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்திருந்தார். பொழுதுக்கும் பறக்கிறாரே, அவர் சோறு தின்பது எப்போது? காடு கழனியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இத்தனை நுணுக்கமாக என் கதையை யாரும் கேட்டதில்லை. தலைகால் புரியாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கேள்வியை எழுந்து நின்றுகொண்டு கேட்டார். "யாராச்சும் கூப்ட்டா, இன்னைக்கு முடியலன்னு சொல்லுவாரா அவரு?" சொல்லவே மாட்டார், அதுதான் இடியரசன் என்றேன், எழுத்தாளனுக்குரிய கர்வத்தோடு. அவர் தலையை ஆட்டினார். "அப்போ செரி சார். அத்த தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."

பச்சையம்மா

மழைக்காலம் வந்தது. இரண்டாம் இதழ் முழுக்க வரைந்தாகிவிட்டது. அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அனுப்பாமல், வைத்த காற்புள்ளியை எடுத்துக்கொண்டும் எடுத்ததை வைத்துக்கொண்டும் இருந்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது, என்னவென்று தெரியவில்லை. இந்த நோய் உங்களில் பலருக்கும் இருக்கும்.

ஒரு நாள் காலை பஸ்ஸில் வெள்ளையனின் மனைவி பச்சையம்மா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முந்தாநாள் ஓடையில் வெள்ளம். ஒரு கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கரையில் நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இடியரசா, வா" என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். நீச்சல் தெரியாத மனிதர் குதித்துவிட்டார். கன்றுக்குட்டி கீழே ஒரு வளைவில் தானாகக் கரையேறி நின்றது. இவரைப் பாறையில் அடித்து, முழங்கையை இரண்டு இடத்தில் உடைத்துப் போட்டது வெள்ளம். கயிறு போட்டு இழுக்கும்போது மூச்சே இல்லையாம். வயிற்றை அழுத்தித் தண்ணீரை எடுத்திருக்கிறார்கள்.

பச்சையம்மா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. பையிலிருந்து முதல் இதழை எடுத்து, இடியரசன் அருவியைப் பிளந்துகொண்டு வெளியே வரும் பக்கத்தைத் திறந்து என் மேஜையில் வைத்தார். "ஒங்க புக்குல அவருக்கு ஒண்ணும் ஆவறதில்ல சார். எங்க வூட்லதான் ஆவுது."

கட்டில்

மறுநாள் மலைக்குப் போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார் வெள்ளையன். இனிமேல் உங்கள் முகம் வராது என்று சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்: "அடுத்த புக்குல நான் இன்னா பண்றேன் சார்?"

'அவரு' போய் 'நான்' வந்திருந்தது. இரண்டாம் இதழில் இடியரசன் காட்டுத்தீக்குள் நடந்து போகிறான். மலையில் காடு பற்றிக்கொள்ளும் கோடைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். உள்ளேயிருந்து டீ கொண்டுவந்த பச்சையம்மா, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியான பஸ் வருவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தேன். கிளம்பும்போது வெள்ளையன் நல்ல கையால் என் கையைப் பிடித்தார். "சீக்கிரம் போடுங்க சார். கட்டு பிரிக்கறதுக்குள்ள புக்கு வந்துட்டா தேவல."

பஸ் மலையிறங்கும்போது மூன்றாவது வளைவில்தான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. யூசுப் பாயைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "செரி சார், அவர எடுத்துடலாம். ஆனா வேற ஒரு மூஞ்சி வேணுமே, யாருது?"

முப்பத்திரண்டு பக்கத்திலும் வெள்ளையனை அழித்துவிட்டு அந்த இடத்தில் வரைவதற்கு, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, மூக்குக்கண்ணாடியும் முன்வழுக்கையுமாக என் முகத்தைப் படம் பிடித்து அனுப்பினேன்.