சுரைக்கொடிக்கு அடியில் இருக்கும் மண்

பேட்டையில் இரவல் வெல்டிங் மெஷினை வைத்துக்கொண்டு பட்டறை தொடங்கினேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் எங்கள் பக்கம் நீங்கள் திறந்து மூடுகிற இரும்புக் கேட்டுகளில் பாதி என் கை பட்டவை. சொந்த வீடு கட்டினேன். இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியாக, புல்கூட முளைக்காத புறவாசலில் காய்கறித் தோட்டம் போட்டேன். மற்றதெல்லாம் உடம்பில் வலு இருந்தபோது செய்தது. தோட்டம் மட்டும் முழங்கால் போன பிறகு.

மருந்து அடிக்காத காய் வேண்டும் என்று ஆசைப்பட்டவள் என் மனைவி. அதை நான் மறுக்கவில்லை. விதை வாங்கியதும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். ஆனால் அந்த இடத்தில் பட்டறைக் கழிவைக் கொட்டி வைத்திருந்தோம். வெல்டிங் குச்சித் துண்டும் இரும்புத் தூளும் கலந்த மண்ணை வெட்டி அப்புறப்படுத்தியது நான். கோடையில் கால்வாய் வற்றியபோது வண்டல் அள்ளி வந்து, சாணமும் சருகும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைத்ததும் நான். படுத்தால் இடுப்பு என்னுடையது மாதிரியே இருக்காது.

பிறகு செடிக்கு ஊற்ற மீன் அமிலம் போட்டோம். மீன் கழிவையும் வெல்லத்தையும் டிரம்மில் அடைத்து ஊற வைப்பது. வாடைக்குப் பூனைகள் மொய்த்தன. அதனால் இரும்புத் தகட்டில் மூடி செய்து, ரப்பர் வைத்து, போல்ட் போட்டு முடுக்கினேன்.

"கொஞ்சம் தளர்த்தி வைங்க. உள்ள காத்து சேருதுல்லா," என்றாள்.

"நான் போட்ட மூடி ஒழுகாது," என்றேன்.

ஒழுகவில்லை. ஒரு மத்தியானம் வெடித்தது. மூடி மதிலைத் தாண்டி, அடுத்த வீட்டு வாத்தியார் வேட்டி காயப்போட்டிருந்த கொடியில் போய் விழுந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன வே அண்ணாச்சி, தோட்டம் போடுதீரா, குண்டு போடுதீரா?"

தெறித்த அமிலம் பட்டு மதிலோரக் கீரையெல்லாம் கருகிப்போனது. நாற்றம் போகும்வரை குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மழைக்குப் பிறகு அதே இடத்தில்தான் சுரைக்கொடி மதில் கொள்ளாமல் படர்ந்தது.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முதல் காயைச் சர்ச்சில் படைத்து ஏலம் விடுவது எங்கள் சபை வழக்கம். எங்கள் சுரைக்காயும் மேசைக்குப் போனது.

"அக்கா தோட்டத்துச் சுரைக்காய்! மருந்தே அடிக்காதது! கேளுங்க, கேளுங்க!" என்று என் மனைவியைக் காட்டிக் கூவினார் ஏலம் விட்டவர்.

"குண்டு வெடிச்ச காய் எனக்குத்தான் வே!" என்று வாத்தியார் கத்த, சபையே சிரித்தது. அவர்தான் எடுத்தார்.

வெளியே வந்ததும் பெண்கள் என் மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். "எப்படிக்கா ஆரம்பிக்கணும்? எங்களுக்கும் சொல்லித் தாங்க." சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள். நான் தூணில் சாய்ந்து நின்றிருந்தேன். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவளே சொன்னாள்: "உங்களையும் சொல்லியிருக்கணும். அடுத்த வருசம் சொல்லச் சொல்லுதேன்."

அடுத்த வருஷம்வரை காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. சனிக்கிழமை அவள் விதையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. மண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த மண்ணைச் செய்தது என் வீட்டுக்காரர் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். மூடி பறந்ததையும் சொல்லட்டும், சிரிக்கட்டும். அது ஒழுகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.